ஒரு பெயரும் பதினைந்து வாத்தியங்களும்

நான் சங்கீத விமர்சகனல்லன். மேனாட்டு இசையின் இலக்கணத்தை முறையாகக் கற்றவனுமல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் சரித்திரமும் தமிழும் படிப்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியன். இத்தகைய ஒருவன் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையைப் பற்றி, அதிலும் டியூக் எலிங்டன் என்னும் வாத்தியக் குழுத் தலைவரைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மனிதரின் இசை என்னோடு கூட வந்திருக்கிறது. அவர் செய்த நன்மையை நான் பின்பற்றத் தவறினேன். அவர் செய்த பிழையை மாத்திரம் அறியாமலே பின்பற்றினேன். அதனாலேயே எழுதுகிறேன்.

1962 ஆம் ஆண்டில் எனக்குப் பதினைந்து வயது. எங்கள் வீட்டின் வெளி விறாந்தையை அடுத்த அறையில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். அவரிடம் ஒரு சிற்றலை வானொலிப் பெட்டி இருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் அதன் முள்ளை மெல்ல மெல்லத் திருப்பி, இரைச்சலுக்கும் சீழ்க்கைக்கும் நடுவே 'அமெரிக்காவின் குரல்' நிலையத்தைத் தேடிப் பிடிப்பார். 1955 முதல் அந்த நிலையத்திலே வில்லிஸ் கொனோவர் என்பவர் ஜாஸ் நிகழ்ச்சியொன்றை நடத்திவந்தார். ஆங்கிலம் முழுமையாகத் தெரியாதவருக்கும் விளங்கும் வண்ணம் நிதானமாகவும் அழுத்தமாகவும் பேசுவார். கிழக்கு ஐரோப்பாவிலும் சோவியத் நாட்டிலும் எண்ணற்ற இளைஞர்கள் அவர் குரலின் மூலமே ஜாஸ் இசையை அறிந்தனர். அமெரிக்க மக்களுள் பெரும்பாலோருக்கோ அவர் பெயரே தெரியாது. உள்நாட்டு மக்களை நோக்கி அந்நிலையம் ஒலிபரப்பக்கூடாது என்பது அக்காலத்தில் அந்நாட்டுச் சட்டமாக இருந்தது.

நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஒரு முகப்பு இசை வரும். பியானோ நான்கைந்து சுரங்களைப் படிபோல இறக்கிவைக்கும். பின்னர் முழுக் குழுவும் ஒரே மூச்சில் எழும். ரயில் ஒன்று நிலையத்தை விட்டு வேகமெடுப்பதுபோல் இருக்கும். பெயரும் அதற்கேற்றதுதான்: 'டேக் தி ஏ ட்ரெயின்'. எலிங்டன் குழுவின் இசைத்தட்டு அது.

எங்கள் மாமா இடதுசாரிக் கட்சியின் தீவிர அனுதாபி. வீட்டுக்குள் அமெரிக்கப் பிரசார நிலையத்தின் ஓசை கேட்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "கொக்கக் கோலாவும் இந்தப் பாட்டும் ஒரே கப்பலிலைதான் வருகுது" என்பார். ஆங்கில ஆசிரியரும் முற்போக்குக் கொள்கையுடையவர்தாம். அவர் என்னைப் பார்த்து மறுமொழி சொல்வார்: "தம்பி, ஆர் ஒலிபரப்பினம் எண்டதைப் பிறகு பாக்கலாம். ஆர் வாசிக்கினம் எண்டு முதல் கேள்."

அந்த விவாதம் ஓராண்டுக்கு மேல் நீடித்தது. அதற்கு எண்ணெய் வார்த்தது 1963 ஆம் ஆண்டு. அவ்வாண்டு பெப்ரவரியில், எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களை நம் அரசு சுவீகரித்ததற்கு உரிய நட்டஈடு கொடுக்கப்படவில்லை என்று கூறி அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்திற்று. அதே ஆண்டின் பிற்பகுதியில் அதே அமெரிக்காவின் இராசாங்கத் திணைக்களம் எலிங்டனையும் அவர் குழுவினரையும் நல்லெண்ணத் தூதுவராக மேற்காசியாவுக்கும் தென்னாசியாவுக்கும் அனுப்பியது. டமஸ்கஸ், காபூல், தில்லி, சென்னை, கல்கத்தா என்று சுற்றிய அந்தக் குழு கொழும்புக்கும் வந்து வாசித்தது. "காசை நிப்பாட்டிப்போட்டுக் குழலை அனுப்பியிருக்கிறான்" என்று மாமா சிரித்தார். சிரிப்பில் நியாயம் இருந்தது. குழு புறப்பட்ட சில நாட்களில், செப்டெம்பர் 15 ஆம் திகதி, அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வெடிகுண்டு வைக்கப்பட்டு நான்கு சிறுமியர் கொல்லப்பட்டனர். அத்தகைய நாட்டின் நல்லெண்ணத்துக்குச் சாட்சி சொல்ல ஒரு கறுப்பினக் கலைஞர் உலகைச் சுற்ற வேண்டியிருந்தது.

ஆங்கில ஆசிரியரோ வேறொரு செய்தியை எடுத்து வைத்தார். 1943 ஜனவரி 23 ஆம் திகதி நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் எலிங்டன் தம் நெடும்படைப்பாகிய 'பிளாக், பிறவுண் அண்ட் பேஜ்' என்பதை முதன்முறை அரங்கேற்றினார். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் உழைப்பும் வழிபாடும் போரும் நகர வாழ்வும் அதன் பொருள். விமர்சகர் பலர் அதை மெச்சவில்லை. 'நடனத்துக்கு வாசிப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு' என்ற தொனியே மிகுந்திருந்தது. ஆனால் அந்தக் கச்சேரியின் வருமானம் எங்கே போயிற்று? நாசிகளை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த சோவியத் மக்களுக்கான போர் நிவாரண நிதிக்கு! மாமா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அது அந்தக் காலம்" என்றார்.

நாங்கள் எவரும் கொழும்புக்குப் போய் அந்தக் கச்சேரியைக் கேட்கவில்லை. பயணச் செலவுக்கே வழியிருக்கவில்லை.

எலிங்டன் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1899 ஏப்ரல் 29 இல் வாஷிங்டன் நகரில் பிறந்தவர். தந்தையார் பெரிய வீடுகளில் விருந்து பரிமாறும் பணியாளர். 1927 டிசெம்பரில் நியூயோர்க் ஹார்லெம் பகுதியிலுள்ள கொட்டன் கிளப் என்னும் களியாட்ட விடுதியில் அவர் குழு அமர்ந்தது. மேடையில் ஆடுவோரும் பாடுவோரும் கறுப்பர். மேசையில் அமர்ந்து குடிப்போர் வெள்ளையர். அங்கிருந்து வானொலி மூலம் அவர் இசை நாடெங்கும் பரவிற்று. 1930களில் தென் மாநிலங்களில் சுற்றுப்பயணம் செய்தபோது, அங்குள்ள விடுதிகள் கறுப்பருக்கு அறை கொடாதபடியால், தனி ரயில் பெட்டிகளை வாடகைக்கு அமர்த்தி, குழுவினர் அவற்றிலேயே உண்டு உறங்கினர். 1951 இல் வேர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து அமர்த்தும் மண்டபத்தில் வாசிக்க ஒப்புக்கொண்டதற்காகக் கறுப்பின மக்களின் உரிமை இயக்கமே அவரை எதிர்த்து நின்றது. ஆகவே அவரை நான் குறையற்ற வீரராகக் காட்ட முற்படவில்லை. அவர் நேரே மோதுபவரல்லர். பட்டு உடுத்திப் புன்னகை செய்து வழுவிச் செல்பவர். 1965 இல் புலிட்சர் பரிசின் இசை நடுவர்கள் அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கச் சிபாரிசு செய்தபோது, மேலே இருந்த சபை அதை மறுத்துவிட்டது. நடுவர் இருவர் பதவி விலகினர். 66 வயதான எலிங்டனோ, இத்தனை இள வயதிலே தாம் அதிகம் புகழ்பெறுவதை விதி விரும்பவில்லைப் போலும் என்று சொல்லிக் கடந்து போனார். அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1999 இல், அதே சபை அவர் நூற்றாண்டை முன்னிட்டு அந்தச் சிறப்பை அளித்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு பெருங் கலைஞனின் செல்வாக்கு மற்றவர்மீது எவ்வாறு படிகிறது? நம் நாட்டில் ஒரு வித்துவான் புகழ்பெற்றால் அவருடைய கமகத்தையும் குரலையும் தொண்டைக் கனைப்பையும்கூடப் பின்பற்றும் சீடர் கூட்டம் ஒன்று உருவாகிவிடும். ஜாஸ் உலகிலும் அது உண்டு. ஆனால் எலிங்டனிடம் நெருங்கிப் பழகியவர் எவரும் இன்னொரு எலிங்டன் ஆகவில்லை. இது தற்செயலன்று, அவருடைய தொழில் முறையிலேயே இதற்கான காரணம் இருக்கிறது.

சாதாரணமாக ஒரு வாத்தியக் குழுவுக்கு இசை எழுதுபவர் 'முதலாம் டிரம்பெட்', 'இரண்டாம் டிரம்பெட்' என்று எழுதுவார். எவர் அந்த நாற்காலியில் அமர்ந்தாலும் அதை வாசிக்கலாம். தொழிற்சாலையில் ஆளை மாற்றுவது போன்றது அது. எலிங்டனோ ஆளுக்கே எழுதினார். பபர் மைலி என்பவர் குழாயடைப்பை வெளியேற்றும் இறப்பர்க் கிண்ணத்தை டிரம்பெட்டின் வாயிலே வைத்துத் திறந்தும் மூடியும், தொண்டையால் உறுமியும், மனிதக் குரல் போன்ற ஒலியை உண்டாக்குவார். எலிங்டன் குழுவின் முதல் அடையாளமே அந்த உறுமல்தான். 1940 இல் கூட்டி வில்லியம்ஸ் என்பவருக்காக எழுதிய படைப்புக்குப் பெயரே 'கூட்டிக்கான கொன்சேர்ட்டோ'. ஜோனி ஹொட்ஜஸின் சாக்ஸபோன் ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் அழகு இன்னொருவருக்கு வராது. ஆகவே அந்த இடம் ஹொட்ஜஸுக்கே உரியது.

'மூட் இண்டிகோ' என்னும் 1930 ஆம் ஆண்டுப் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தொடக்கத்தில் டிரம்பெட், டிரொம்போன், கிளாரினெட் மூன்றும் ஒன்றாக இசைக்கும். வழக்கப்படி கிளாரினெட் மேலே இருக்க வேண்டும், டிரொம்போன் கீழே இருக்க வேண்டும். எலிங்டன் அதைத் தலைகீழாக்கினார். வாய் அடைத்த டிரம்பெட் மேலே, வாய் அடைத்த டிரொம்போன் அதை ஒட்டியே கீழே, கிளாரினெட் அதன் அடித்தொண்டையிலே எல்லாவற்றுக்கும் கீழே. மூன்று வாத்தியங்களும் தம் இயல்பை இழக்காமலே நான்காவதொரு புதிய வாத்தியமாகி விடுகின்றன. இதனை நான் முதன்முறை ஆங்கில ஆசிரியரின் அறையில் தேய்ந்துபோன இசைத்தட்டு ஒன்றில் கேட்டபோது, எந்த வாத்தியம் அது என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, மூண்டு பேர்" என்றார்.

எலிங்டன் பியானோ வாசிப்பவர்தான், ஆனால் அவருடைய உண்மையான வாத்தியம் அவர் குழுவே என்று அவருடைய தோழர் பில்லி ஸ்ட்ரேஹோர்ன் எழுதினார். இந்த ஸ்ட்ரேஹோர்னைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

1938 டிசெம்பரில் எலிங்டன் குழு பிட்ஸ்பேர்க் நகரில் வாசித்துக்கொண்டிருந்தது. மருந்துக் கடையொன்றில் வேலை செய்த 23 வயது இளைஞன் மேடைக்குப் பின்னால் வந்து அவரைக் கண்டான். பியானோவில் அமர்ந்து எலிங்டனின் பாடல் ஒன்றை எலிங்டன் வாசிப்பது போலவே வாசித்துக் காட்டினான். அதன் பிறகு, "நானென்றால் இப்படி வாசிப்பேன்" என்ற கருத்தில் மீண்டும் ஒருமுறை தன் வழியிலே வாசித்தான். எலிங்டனைக் கவர்ந்தது இரண்டாவது வாசிப்புத்தான். நியூயோர்க்குக்கு வரும்படி அழைத்து, ஹார்லெமில் உள்ள தம் வீட்டுக்கு எந்த ரயிலில் வரவேண்டும் என்பதையும் சொல்லியனுப்பினார். 'ஏ' என்னும் நிலக்கீழ் ரயில். அந்த வழிக்குறிப்பே பாடலாயிற்று.

அப்பாடல் வெளியுலகுக்கு வந்த கதையும் நம்மைப் போன்றோர் கவனிக்க வேண்டியது. 1941 ஜனவரியில் இசையமைப்பாளர் சங்கத்துக்கும் வானொலிக் கம்பனிகளுக்கும் உரிமைக் கட்டணம் பற்றித் தகராறு முற்றியது. சங்கத்தவரின் பாடல்களை ஒலிபரப்புவதில்லை என்று கம்பனிகள் முடிவு செய்தன. எலிங்டன் சங்கத்து உறுப்பினர். அவருடைய பாடல் ஒன்றையும் வானொலியில் வாசிக்க முடியாது. சங்கத்தில் சேராத ஸ்ட்ரேஹோர்னும் எலிங்டனின் மகன் மேர்சரும் இரவு பகலாகப் புதிய பாடல்களை எழுதிக் குவித்தனர். 'ஏ ட்ரெயின்' நன்றாக இல்லையென்று ஸ்ட்ரேஹோர்ன் குப்பைக் கூடையில் எறிந்ததாகவும், தாமே அதை எடுத்துக் கொடுத்ததாகவும் மேர்சர் சொல்வார். அதே பெப்ரவரியில் அது இசைத்தட்டாயிற்று. குழுவின் முகப்பு இசையும் ஆயிற்று. எலிங்டனின் கையொப்பம் என்று உலகம் முழுவதும் அறிந்திருக்கும் இசை எலிங்டன் எழுதியதன்று. இதனை நான் அறிந்தபோது எனக்கு நாற்பது வயது கடந்துவிட்டது.

ஸ்ட்ரேஹோர்ன் 1967 இல் இறக்கும்வரை எலிங்டனோடு இணைந்து எழுதினார். வாடகையும் உடையும் செலவும் எலிங்டனின் கணக்கில் போகும்; எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லை. பல படைப்புகளில் இருவர் பெயரும் வரும். சிலவற்றில் ஒருவர் பெயரே வரும். எது எவருடையது என்று ஆய்வாளர் இன்றும் கையெழுத்துப் பிரதிகளை வைத்து ஆராய்கின்றனர். ஸ்ட்ரேஹோர்ன் தன்பாலின விருப்பமுடையவர். அக்காலத்தில் அதை மறைக்காமல் வாழ்ந்தவர். மேடை வெளிச்சத்துக்கு வெளியே இருந்தமையே அவருக்கு அந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தது என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை 1996 இல் எழுதிய டேவிட் ஹஜ்டு காட்டுகிறார். பெயரை இழந்து வாழ்வைப் பெற்றார் என்று கூறலாம். ஆனால் அந்தப் பேரத்தை அவர் முழு மனதோடு செய்தாரா என்பது வேறு கேள்வி. மார்ட்டின் லூதர் கிங்கின் நண்பரான அவர் 1963 ஆகஸ்டில் வாஷிங்டன் பேரணியில் கலந்துகொண்டார். சில வாரங்களின் பின் நல்லெண்ணப் பயணத்திலும் உடன் வந்தார். தில்லியில் எலிங்டன் நோயுற்று மருத்துவமனையில் கிடந்தபோது, குழுவின் பியானோவில் அமர்ந்தவர் அவரே. அங்குக் கேட்ட மைனாவொன்றின் குரலைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1966 இல் ஒலிப்பதிவு செய்த 'தூர கிழக்குத் தொகுப்பு' என்னும் படைப்பில் அது கிளாரினெட்டாக வருகிறது. பெயரளவில்தான் தூர கிழக்கு. பெரும்பகுதி இஸ்பகானும் ஆக்ராவும் தில்லியும்தாம். இலங்கைக்கு அதில் இடமில்லை. நம்மூர்க் காகம் எதுவும் அவர்கள் சன்னலில் வந்து அமரவில்லைப் போலும்.

மற்றத் தோழர்களின் நிலை என்ன? 'மூட் இண்டிகோ'வில் கிளாரினெட் வாசித்த பார்னி பிகார்டின் பங்கு அதன் மெட்டிலும் உண்டு. அவர் பெயரும் உரிமைப் பணமும் பல ஆண்டுகள் கழித்தே அவருக்குக் கிடைத்தன. எதையும் எழுதாத முகாமையாளர் ஏர்விங் மில்ஸின் பெயரோ பாடலாசிரியர் வரிசையில் ஆரம்பத்திலேயே இடம்பெற்றுவிட்டது! 'கரவான்' என்னும் புகழ்பெற்ற மெட்டின் கர்த்தாவாகிய ஜுவான் டிசோல் போட்டோ ரிக்கோ தீவினர். அதன் உரிமையை முதலில் 25 டொலருக்கு விற்றதாகப் பின்னாளில் சொன்னார். ஒத்திகையில் ஹொட்ஜஸ் விளையாட்டாக ஊதிய சிறு துணுக்குகளை எலிங்டன் பாடலாக்கி விடுவார். பின்னர் மேடையில் அப்பாடல் வரும்போது ஹொட்ஜஸ் பியானோப் பக்கம் திரும்பி, பணம் எண்ணுவதுபோல் விரல்களைத் தேய்த்துக் காட்டுவார் என்று கதை சொல்வார்கள். டிரொம்போன் வாசித்த லோரன்ஸ் பிறவுண், எலிங்டன் இசை ஆக்குபவரல்லர், தொகுப்பவரே என்று முகத்துக்கு நேரே சொன்னவர்.

இதை வைத்து, 'தோழரின் உழைப்பைச் சுரண்டிய முதலாளி' என்று தீர்ப்பெழுதி முடித்துவிடலாம். மாமா இருந்திருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பார். ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உலக யுத்தம் முடிந்தபின் பெரிய வாத்தியக் குழுக்களுக்கு வருவாய் குன்றிற்று. 1946 இன் இறுதியில் பெனி குட்மன், ஹரி ஜேம்ஸ், டொமி டோர்சி போன்ற வெள்ளைப் பெருந்தலைவர்களே குழுக்களைக் கலைத்தனர். எலிங்டன் கலைக்கவில்லை. கச்சேரி வருமானம் சம்பளத்துக்குப் போதாதபோது, பாடல்களின் உரிமைப் பணத்தை எடுத்துச் சம்பளமாகக் கொடுத்தார். பதினைந்துக்கு மேற்பட்டோருக்கு ஆண்டு முழுவதும் வேலை. எழுதிய இசையை மறுநாளே கேட்க வேண்டும் என்ற ஆசைக்கு அவர் கொடுத்த விலை அது. ஒருவருடைய மெட்டிலிருந்து வந்த பணம் எல்லோருடைய அரிசியாகவும் திரும்பிற்று. இதனாலேயே ஹரி கார்னி 17 வயதில், 1927 இல், சேர்ந்து 1974 வரை அந்தக் குழுவிலேயே இருந்தார்; ஊர் ஊராக எலிங்டனைத் தம் மோட்டார் வண்டியில் ஏற்றிச் சென்றார்; எலிங்டன் இறந்து சில மாதங்களில் தாமும் இறந்தார். ஹொட்ஜஸ் கோபித்துக்கொண்டு 1951 இல் போனார். 1955 இல் திரும்பி வந்தார். கூட்டி வில்லியம்ஸ் 1940 இல் போய் 1962 இல் வந்தார். சுரண்டலை மாத்திரம் கண்டவர்கள் திரும்பி வருவார்களா? நியாயம் முழுமையாகக் கிடைத்திருந்தால் விரலைத் தேய்த்துக் காட்டுவார்களா? இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

குழுவுக்கு வெளியே அவர் செல்வாக்கு எப்படிப் படர்ந்தது? தெலோனியஸ் மங்க் 1955 இல் ஓர் இசைத்தட்டு முழுவதும் எலிங்டன் பாடல்களையே வாசித்தார். கேட்டால் எலிங்டனைப் போலவே இராது; சுரங்களுக்கிடையே பள்ளம் பள்ளமாக மௌனம் விழும். ஆயினும் பியானோவைத் தாளவாத்தியம்போல் தட்டும் துணிவை எலிங்டன் முன்னரே காட்டியிருந்தார். சார்ள்ஸ் மிங்கஸின் கதை இன்னும் சுவையானது. 1953 இல் அவர் எலிங்டன் குழுவில் சேர்ந்து, டிசோலுடன் சண்டையிட்டு, சில நாட்களிலேயே விலக்கப்பட்டார். எலிங்டன் தாமே ஒருவரை வேலையிலிருந்து நீக்கியது மிக அரிது. அந்த அரிய பெருமை மிங்கஸுக்குக் கிடைத்தது! வாழ்நாள் முழுவதும் அவர் எலிங்டனையே குருவாகக் கொண்டார். தம் குழுவினருக்குத் தாளில் எழுதிக் கொடாமல் வாயால் பாடிக் காட்டி, அவரவர் இயல்புக்கேற்ப வாங்கிக்கொள்வார். 1962 செப்டெம்பரில் மிங்கஸும் மக்ஸ் ரோச்சும் எலிங்டனோடு மூவராக அமர்ந்து 'மணி ஜங்கிள்' இசைத்தட்டைப் பதிவு செய்தனர். தம்மைவிட இருபது வயதுக்கு மேல் இளையவரான அந்த இருவருக்கும் நடுவே 63 வயது எலிங்டனின் கை இரும்பாக ஒலிப்பதைக் கேட்டவர் மறக்கமாட்டார். சில நாட்களின் பின் ஜோன் கோல்ட்ரேனோடு அவர் வாசித்ததோ பனித்துளி போன்றது. 1974 மே 24 இல் எலிங்டன் இறந்தபின் மைல்ஸ் டேவிஸ் மின்வாத்தியங்களோடு அரை மணி நேர அஞ்சலியொன்றைப் பதிவு செய்தார். அதில் எலிங்டனின் ஒரு மெட்டுக்கூட இல்லை. 1976 இல் ஸ்டீவி வொண்டர் பாடியதோ குழந்தைகளும் துள்ளிப் பாடும் பாட்டு.

என் மனத்துக்கு மிக அணுக்கமான உதாரணம் தென்னாபிரிக்காவைச் சேர்ந்தது. கேப் டவுன் நகரத்துப் பியானோக் கலைஞர் டொலர் பிராண்ட், இனவொதுக்கல் ஆட்சியின் நெருக்கடி தாங்காது 1962 இல் நாட்டைவிட்டு வெளியேறிச் சூரிச் நகரில் ஒரு விடுதியில் வாசித்துக்கொண்டிருந்தார். எலிங்டன் அந்நகருக்கு வந்தபோது, பிராண்டின் துணைவியாகப் பின்னர் ஆன பாடகி சத்திமா பீ பெஞ்சமின் நேரே அவரிடம் சென்று, வந்து கேட்க வேண்டும் என்று வற்புறுத்தி அழைத்து வந்தார். எலிங்டன் கேட்டார். 1963 பெப்ரவரியில் (ஆம், இலங்கைக்கான உதவி நிறுத்தப்பட்ட அதே மாதம்) அவர்களைப் பாரிஸ் நகருக்கு வரவழைத்து இசைத்தட்டுப் பதிவு செய்வித்தார். பிராண்டின் தட்டு, எலிங்டன் அறிமுகம் செய்கிறார் என்ற பெயரோடு வெளிவந்தது. சத்திமாவின் தட்டோ வெளிவரவில்லை; முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே உலகம் அதைக் கேட்டது. வழி காட்டியவளுக்குக் கதவு கடைசியாகத் திறந்தது. பிராண்ட் பின்னர் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா இப்ராஹிம் ஆனார். 1974 இல் அவர் வாசித்த 'மன்னன்பேர்க்' இனவொதுக்கலுக்கு எதிரான மக்களின் கீதமாயிற்று. 1994 இல் மண்டேலா பதவியேற்றபோது அவர் வாசித்தார். அந்த இசையில் கேப் டவுன் தேவாலயமும் தெருவும் கேட்கும்; ஹார்லெம் அல்ல.

இப்போது என் கதை. 1973 இல் நான் படிப்பித்த பாடசாலையில் ஒரு நாட்டிய நாடகம் தயாரித்தேன். கூத்து மெட்டுகளைத் தழுவிப் பாடல்கள். எங்களூர் அண்ணாவிமார் மரபில் மெட்டுக் கட்டியவர் பெயர் எவரும் கேட்பதில்லை. அதுவும் என் மனத்தில் இருந்திருக்கலாம். பின்னணிக் குழுவில் பதினேழு வயது மாணவனொருவன் ஆர்மோனியம் வாசித்தான். தவிற்காரர் ஒருவரின் மகன். நடுவிலே ஒரு பாட்டுக்கு நான் போட்ட மெட்டு எடுபடவில்லை. அவன் மறுநாள் வந்து, "சேர், இப்பிடி வைச்சுப் பாக்கலாமோ?" என்று வாசித்துக் காட்டினான். எல்லோரும் வாயடைத்துப் போனோம். அப்படியே வைத்துக்கொண்டோம். நிகழ்ச்சிநிரலில் 'நெறியாள்கையும் இசையமைப்பும்' என்று என் பெயர் அச்சானது. பரிசு கிடைத்தது. அந்தப் பாட்டை வேறு பாடசாலைகளும் வாங்கிப் பாடின. நான் அவனுக்கு ஒரு மைப்பேனா வாங்கிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சாதி பற்றியும் சமத்துவம் பற்றியும் மேடைகளில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவன் தந்தை எங்கள் வீட்டுக்கு வந்தால் முற்றத்தோடு நின்றுவிடுவார் என்பதையும் நான் மறைக்கக்கூடாது.

இதை நான் பிழையென்றே எண்ணியதில்லை. தலைவன் பெயரில் குழுவின் வேலை வருவது இயல்புதானே என்று இருந்தேன். ஸ்ட்ரேஹோர்னின் வாழ்க்கை வரலாற்றைக் கொழும்பில் ஒரு நண்பர் வீட்டில் வாசித்தபோது, நடு இரவில் எழுந்து உட்கார்ந்தேன். எலிங்டனாவது உரிமைப் பணத்தை எடுத்துச் சோறு போட்டார். நான் போட்டது ஒரு பேனா.

ஸ்ட்ரேஹோர்ன் இறந்த 1967 ஆம் ஆண்டிலேயே எலிங்டன் அவர் படைப்புகளை மாத்திரம் தொகுத்து ஓர் இசைத்தட்டுப் பதிவு செய்தார். பதிவு முடிந்து வாத்தியக்காரர் பெட்டிகளை மூடிக்கொண்டிருக்கையில், எலிங்டன் தனியே பியானோவில் அமர்ந்து ஸ்ட்ரேஹோர்னின் 'லோட்டஸ் பிளொசம்' என்னும் மெட்டை வாசிக்கத் தொடங்கினார். ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. பேச்சுக் குரலும் பொருள்களை நகர்த்தும் ஓசையும் தட்டில் கேட்கும். அவை மெல்ல அடங்குவதும் கேட்கும். உலகப் பயணங்களிலும் ஆயிரம் மேடைகளிலும் அவர் சொல்லியிருக்கக்கூடியதை அந்த மூன்று நான்கு நிமிடங்களில் சொன்னாரா, அல்லது சொல்ல வேண்டிய காலம் கடந்துபோயிற்று என்பதை உணர்ந்தாரா, எனக்குத் தெரியாது. அந்தத் தட்டை நான் அடிக்கடி போடுவதில்லை.

சென்ற ஆண்டு என் பழைய மாணவரின் தொலைபேசி இலக்கம் கிடைத்தது. இப்போது வெளிநாடொன்றில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். யுத்தத்தில் ஆர்மோனியமும் போயிற்று, வாசிப்பும் போயிற்று என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் சங்கடப்பட்டார். "அதெல்லாம் எப்பத்தையக் கதை, சேர். எனக்கு அந்தப் பாட்டே ஞாபகமில்லை" என்றார்.

எனக்கு ஞாபகமிருக்கிறது என்று சொல்லி, தொலைபேசியிலேயே பாடிக் காட்டத் தொடங்கினேன். இரண்டு அடி சரியாக வந்தது. மூன்றாம் அடியில் அவர் குறுக்கிட்டார்.

"இல்லைச் சேர், அதிலை ஏறக்கூடாது. அந்த இடத்திலை நிண்டு இறங்கவேணும்."

இறங்கிக் காட்டினார். குரல் தழுதழுத்திருந்தாலும் சுருதி விலகவில்லை. நான் கையில் அகப்பட்ட தாளை எடுத்து, இன்னொருமுறை பாடும்படி கேட்டு, சுரங்களை எழுதத் தொடங்கினேன்.